மனசுக்குள் ஓடும் 2 நொடி

"ஓடிபியைப் பார்த்துவிட்டு ஆப்புக்குத் திரும்புவதற்குள் பாதி எண் மறந்துபோகிறது. நினைவைக் கூட்ட வழி உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வயசாகிவிட்டதோ என்ற கவலையும் அவருக்கு இருக்கிறது. எனக்கும் மறக்கிறது, விடுங்கள்.

இது செயல் நினைவு. கையில் எடுத்த வேலை முடியும்வரை மட்டும் தாங்குவது. இதில் ஏறக்குறைய 7 விஷயங்கள் நிற்கும் என்றார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், 1956இல். மனசுக்குள் சொல்லிப் பார்க்கும் உபாயங்களைக் கழித்துவிட்டால் 4தான் தேறும் என்றார் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன், 2001இல்.

அந்தச் 'சொல்லிப் பார்ப்பது' இருக்கிறதே, அதுதான் சுவாரசியம். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் 1974இல் இதைச் செயல் நினைவின் ஒரு தனிப் பகுதியாகவே பிரித்துக் காட்டினார்கள். ஒலிச்சுழல் என்று வைத்துக்கொள்வோம். கேட்ட ஒலி ஓரிரு நொடிகளில் மங்கத் தொடங்கும். மங்குவதற்குள் உள்ளுக்குள் ஒருமுறை உச்சரித்தால் மறுபடி புதுசாகும். அதனால் இங்கே எண்ணிக்கையைவிட நேரம்தான் முக்கியம்: சுமார் 2 நொடியில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் நிற்கும். குட்டிச் சொற்கள் கூடுதலாக நிற்கும், நீளச் சொற்கள் உதிரும்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேசும் வெல்ஷ் மொழியில் எண்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும். இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்து 1980இல் சோதித்தபோது, அதே ஆளுக்கு வெல்ஷில் குறைவான எண்களே நினைவில் நின்றன. வாய் வேறெதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கச் செய்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது! மூளை அதேதான், நாக்குதான் இடறியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் எத்தனை பிள்ளைகளை மந்தம் என்று முத்திரை குத்தியிருப்போமோ.

சரி, பயிற்சி? அதே 1980இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒரு கல்லூரி மாணவர் 230 மணி நேரத்துக்கு மேல் பழகி 7 எண்ணிலிருந்து 79க்குப் போனார். அவர் ஓட்டக்காரர். 3492 என்றால் அவருக்கு ஒரு மைலை 3 நிமிடம் 49.2 நொடியில் ஓடிய நேரம். நாலு எண் ஒரே பொட்டலமாகிவிட்டது. அப்புறம் எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். பழையபடி 6! பாத்திரம் பெரிதாகவில்லை, அடுக்கும் விதம்தான் மாறியிருந்தது. மூளைப் பயிற்சி ஆப்புகளின் கதையும் பெரும்பாலும் இதுதான்: அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள், அவ்வளவே. காசு கட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் எவ்வளவோ மேல்.

ஓடிபிக்கு வருவோம். 482 என்பதை 'நானூற்று எண்பத்திரண்டு' என்று நீட்டாதீர்கள்; 'நாலு எட்டு ரெண்டு' என்று சுருக்கி, மும்மூன்றாகப் பிரித்து, உதட்டை அசைத்தே சொல்லிக்கொண்டு ஆப்புக்குப் போங்கள். நடுவில் யாராவது "மணி என்ன?" என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.