வாசலை அடைத்து நிற்கும் மெக்னீசியம்

"எட்டாம் மாதத்தில் தங்கைக்கு பிபி ஏறிவிட்டது. வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். இந்த உப்புக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் நம்மூரில் இன்னும் போகவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கும். பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. மெக்னீசியத்தின் கதை வேறு. அது வேலை செய்யும் இடங்களில் ஒன்று, நரம்பணுவின் மேற்பரப்பில் உள்ள என்எம்டிஏ ஏற்பி. ரசாயனச் செய்தியை வாங்கி அயனிகளுக்கு வழி திறக்கும் புரதம் அது.

ஒரு நரம்பணு குளுட்டமேட் என்ற செய்தி கடத்தும் ரசாயனத்தைச் சுரக்கும், அது அடுத்த நரம்பணுவின் ஏற்பியில் ஒட்டும், கால்வாய் திறக்கும், அயனிகள் உள்ளே பாயும். இது பள்ளிப் பாடம். என்எம்டிஏ ஏற்பியில் மட்டும் குளுட்டமேட், அதற்குத் துணையான கிளைசின் இரண்டும் ஒட்டிக் கதவு திறந்த பிறகும் அநேகமாக எதுவும் பாய்வதில்லை. வழியில் மெக்னீசியம் நிற்கிறது.

ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளியைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் கொண்டது. இரண்டு நேர்மின் சுமையுள்ள மெக்னீசியத்தை அது உள்ளே இழுக்க, அயனி கால்வாயின் குறுகலில் சிக்கிக்கொள்கிறது. சரி, கால்சியத்துக்கும் அதே இரண்டு சுமைதானே? அதுவும் மெக்னீசியத்தைவிடப் பெரிய அயனி. அது மட்டும் எப்படி நுழைகிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நீரில் எந்த அயனியும் தனியாக இருப்பதில்லை. நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டே திரியும். மெக்னீசியம் சிறியது என்பதாலேயே அதன் மின்சுமை நெருக்கமானது. தன்னைச் சுற்றிய ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்திருக்கும். கால்சியம் தன் நீரை அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான வேகத்தில் கழற்றி மாற்றும். குறுகலான இடத்தில் போர்வையைக் கழற்ற முடிந்தது உள்ளே போகிறது. முடியாதது வழியை அடைக்கிறது.

பக்கத்து ஏற்பிகள் வழியே சோடியம் நுழைந்து உட்புறத்தின் எதிர்மின் குறைந்தால் பிடி தளரும். மெக்னீசியம் வெளியேறும், கால்சியம் பாயும், அந்த நரம்பிணைப்பு வலுப்படும். நாம் எதையாவது கற்கும்போது மூளையில் நடப்பவற்றில் இது முக்கியமானது. அளவு மீறி எல்லாம் ஒன்றாகக் கிளர்ந்தால் வலிப்பு.

1984இல் பாரிஸிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் தனித்தனியே இந்த அடைப்பைக் கண்டுபிடித்தன. பாரிஸில் பார்த்தது வளர்ப்புத் தட்டிலிருந்த சுண்டெலி நரம்பணுக்களை. 'இதனால் என்ன பயன்' என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கு நிதியை மறுப்பவர்கள் மீது எனக்குக் கோபமே வரும்.

ஊசிக்கு வருவோம். 2002இல் வெளியான மேக்பை ஆய்வில் 33 நாடுகளின் பத்தாயிரம் கர்ப்பிணிகள் பங்கேற்றனர். மெக்னீசியம் சல்பேட் பெற்றவர்களுக்கு வலிப்பு அபாயம் பாதிக்கும் கீழே இறங்கியது. ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதும் இதற்கு உதவுகிறது. என்எம்டிஏ அடைப்பு ஒரு பங்கு.

தங்கையின் முழங்காலை அடிக்கடி தட்டிப் பார்த்திருப்பார்களே? மெக்னீசியம் மிகுந்தால் முதலில் அந்தத் துள்ளல் மறையும், அப்புறம்தான் மூச்சு பாதிக்கும். அப்படி ஆனால் கொடுக்க ஒரு மாற்று மருந்தைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள்: கால்சியம் குளுக்கோனேட்.