மறுநாள் வந்து சொல்ற ஆதரவு யாருக்கு?

12 வருஷமா ஹெச்.ஆர்.ல இருக்கேன், அதுல பாதி டைவர்சிட்டி வேலைதான், அதாவது ஆபிஸ்ல எல்லா விதமான ஆளுங்களுக்கும் சமமான இடம் கிடைக்குதான்னு பார்க்கறது. என் காதுல அதிகமா விழுற வரி எதுன்னா, "அந்த மீட்டிங்ல நடந்தது ரொம்ப தப்புங்க, பார்க்க எனக்கே கஷ்டமா இருந்துச்சு." இத யார்கிட்ட சொல்றாங்க? என்கிட்ட, அதுவும் மறுநாள் காபி மெஷின் பக்கத்துல நின்னு. நடந்த இடத்துல வாயே திறந்திருக்க மாட்டாங்க.

நானும் அப்படி இருந்தவதான். ஒரு ரிவ்யூல டீம்ல இருந்த ஒரு பொண்ணு ஒரு வழி சொன்னாங்க, யாரும் கண்டுக்கல, பத்து நிமிஷம் கழிச்சு ஒரு சீனியர் அதையே சொன்னதும் "சூப்பர், இதையே பண்ணிடலாம்"னு முடிவாயிடுச்சு. வெளிய வந்து அவங்ககிட்ட "நீங்கதான் முதல்ல சொன்னீங்க, நான் கவனிச்சேன்"னேன். "கவனிச்சீங்கள்ல மேடம், அப்ப உள்ளயே சொல்லியிருக்கலாமே"ன்னாங்க. கோபமா கூட சொல்லல, அதான் இன்னும் உறுத்துது.

உள்ள சொல்றதுக்கு பெரிய தைரியமெல்லாம் வேண்டாம். "இது அவங்க முதல்லயே சொன்னது, மீதியையும் அவங்களே சொல்லட்டும்", இவ்ளோதான். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகைல வேலை பார்த்த பெண்கள் இதையே ஒரு பழக்கமா வச்சிருந்தாங்க, ஒருத்தி நல்ல பாயிண்ட் சொன்னா இன்னொருத்தி அவ பேரச் சொல்லி அதத் திரும்பச் சொல்வா, அப்புறம் அது வேற யாரோட ஐடியாவும் ஆக முடியாது.

எம்.ஐ.டி.ல மேரி ரோ 1973ல இந்த மாதிரி விஷயங்களுக்கு மைக்ரோ இன்ஈக்விட்டின்னு, அதாவது சின்னச் சின்ன பாகுபாடுன்னு பேர் வச்சாங்க. பேர தப்பாவே கூப்பிடறது, மெயில்ல ஒருத்தர மட்டும் விட்டுடறது, பேசும்போது போனப் பார்க்கறது. ஒண்ணொண்ணா பார்த்தா புகார் குடுக்கற அளவுக்கு எதுவும் இருக்காது, ஆனா தினமும் ஒருத்தருக்கே நடந்தா ஆள் வேலைய விட்டே போயிடுவாங்க.

எங்க டீம்ல காது கேக்காத ஒருத்தர் இருந்தார். எல்லாரும் சிரிச்சா அரை செகண்ட் கழிச்சு அவரும் சிரிப்பார், என்ன ஜோக்னு தெரியாமலே. மாசக்கணக்கா எங்க யாருக்கும் அது தெரியல. புதுசா சேர்ந்த ஒரு பையன் அதக் கவனிச்சு, தனியா போய் "உங்களுக்கு எது வசதியா இருக்கும்"னு எழுதிக் கேட்டான். பேசறது எழுத்தா திரைல ஓடற கேப்ஷன் போட்டா போதும், ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசாம இருந்தா போதும்னார். அடுத்த மீட்டிங்லருந்து ரெண்டையும் அந்தப் பையன் பார்த்துக்கிட்டான். அவன் தனியா கேட்டதுதான் இதுல முக்கியம். எல்லார் முன்னாடியும் "அவருக்கு கேக்காது, பார்த்து பேசுங்க"ன்னு அறிவிச்சிருந்தா அவரு கூனிக் குறுகிப் போயிருப்பார்.

எம்ப்ளாயி நெட்வொர்க் விஷயத்துக்கு வர்றேன், அதாவது பெண்கள், மாற்றுத்திறனாளிகள்னு ஒரே மாதிரி பிரச்சனை இருக்கற ஊழியர்கள் கம்பெனிக்குள்ள சேர்ந்து நடத்தற குழு. நாம ஜெராக்ஸ் எடுக்கறோம்ல, அந்தக் கம்பெனிலதான் இது தொடங்கிச்சு. 1964ல அமெரிக்காவுல ராசெஸ்டர்ல இனக்கலவரம் நடந்துச்சு, அதுக்கப்புறம் கம்பெனித் தலைவர் ஜோசப் வில்சனும் கறுப்பின ஊழியர்களும் பேசிப் பேசி, 1970ல அவங்களுக்குன்னு ஒரு காக்கஸ், அதாவது ஒரு குழு வந்துச்சு. பாகுபாட்ட கேள்வி கேக்க வந்த அமைப்பு அது. இன்னிக்கு நிறைய இடத்துல மகளிர் தினத்துக்கு கேக் வெட்டி குரூப் போட்டோ எடுக்கறதோட முடிஞ்சிடுது, அதப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது.

இன்னொண்ணு, இந்த நெட்வொர்க் நடத்தற வேலைய யார் செய்யறா? பாதிக்கப்பட்டவங்களேதான், ஆபிஸ் முடிஞ்சு, சம்பளம் இல்லாம. நான் சொன்ன அந்தக் காது கேக்காதவரேதான் மாற்றுத்திறனாளி நெட்வொர்க்க நடத்தினார், புதுசா வர்றவங்களுக்கு சாப்ட்வேர் வாங்கித் தர்றதுலருந்து மேனேஜர்கிட்ட பேசறது வரைக்கும். வருஷக் கடைசில அவரோட அப்ரைசல்ல, அதாவது வேலை மதிப்பீட்டுல, "வேலைல கவனம் குறைஞ்சிருக்கு"ன்னு எழுதி வந்துச்சு. அதப் படிச்சுட்டு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல எனக்கு. லிங்க்ட்இன் 2021ல நெட்வொர்க்க உலக அளவுல நடத்தற தலைவர்களுக்கு வருஷத்துக்கு 10,000 டாலர் தர்றதா அறிவிச்சாங்க. அவ்ளோ முடியலன்னா பரவால்ல, வாரத்துல ரெண்டு மணி நேரம் வேலை நேரத்துலயே ஒதுக்கலாம், அப்ரைசல் ஃபார்ம்ல அதுக்குன்னு ஒரு வரி சேர்க்கலாம்.

அந்த ஒரு வரிக்காக மூணு தடவ மெயில் போட்டுட்டேன், பதில் இல்ல. திங்கக்கிழமை நேர்லயே போய் கேக்கப்போறேன், இந்தத் தடவ அவரையும் கூட வரச் சொல்லியிருக்கேன், கேப்ஷன் ஓட டேப்லட்டும் ரெடி.