ஹேட்ச்: கீற்று என்று சொல்வோம்

"குஞ்சு பொரித்த பகுதியிலிருந்து எல்லையை மீட்டெடுக்கவும்." ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் கற்க வந்த ஒரு மாணவர் கையில் இருந்த தமிழ்க் குறிப்பில் இப்படி ஒரு வரி. வரைபடத்தில் ஒரு பகுதியைக் கோடுகளால் நிரப்புவதை ஆங்கிலத்தில் ஹேட்ச் என்பார்கள், முட்டை பொரிப்பதற்கும் அதே சொல்தான். இயந்திரம் குழம்பி மொழிபெயர்த்ததை யாரும் படித்துப் பார்க்காமல் அச்சிட்டிருக்கிறார்கள். இதே குஞ்சை இது மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. வரைபடத்து ஹேட்ச், கோடரியைக் குறிக்கும் 'ஆஷ்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. அதிலிருந்து வந்த வினைக்கு 'வெட்டு, கொத்து' என்று பொருள். முட்டை பொரிக்கும் ஹேட்ச் வேறு, கப்பல் தளத்துக் கதவான ஹேட்ச் வேறு. ஒலி ஒன்று, வேர்கள் மூன்று. அவ்வளவுதான்.

குஞ்சை விரட்டுவது எளிது. என் உண்மையான வழக்கு 'நிழலிடல்' மீது. படித்தவர்களே ஹேட்சை இப்படிச் சொல்கிறார்கள். பள்ளிக் கணக்கில் 'நிழலிட்ட பகுதியின் பரப்பு காண்க' என்று படித்து வளர்ந்ததால் கை தானாக அங்கே போகிறது. கணக்குப் புத்தகத்தில் அது சரி. அங்கே ஒரு பகுதியைச் சுட்டிக் காட்டினால் போதும். வரைபடத்தில் ஹேட்ச் செய்யும் வேலை வேறு. ஒரு பொருளை வெட்டிப் பார்த்தால் கத்தி பட்ட முகம் எது, அது என்ன பொருள் என்று சொல்வதுதான் அதன் வேலை. வெளிச்சத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆட்டோகேடில் இருக்கும் ஏஎன்எஸ்ஐ31 என்ற ஹேட்ச் வடிவத்தை எடுங்கள். 45 பாகையில் சாய்ந்த கோடுகள், இடைவெளி 0.125 அலகு. வடிவக் கோப்பில் அதன் விளக்கம் இரும்பு, செங்கல், கற்கட்டு என்று இருக்கிறது. இதில் நிழல் எங்கே?

இன்னொன்று. வெட்டுத்தோற்றத்தில் இரண்டு பாகங்கள் ஒட்டி நின்றால், ஒன்றின் கோடுகளை இடப்பக்கமும் மற்றதன் கோடுகளை வலப்பக்கமும் சாய்ப்போம். 'நிழலை எதிர்ப்பக்கம் சாய்' என்று ஒரு பையனிடம் சொல்லிப் பாருங்கள், விளக்கை நகர்த்துவதா என்று கேட்பான். முப்பரிமாணத்தில் சூரியனை வைத்து உண்மையான நிழலே விழவைக்கிறோமே, அதற்கு என்ன பெயர் வைப்பது? ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு இழுத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

தமிழில் 'கீற்று' இருக்கிறது. ஊறு என்பதிலிருந்து ஊற்று வருவது போல, கீறு என்பதிலிருந்து கீற்று. கீறுவது என்றாலே வெட்டுவது, கோடு இழுப்பது. பிரெஞ்சுச் சொல்லும் வெட்டில்தான் தொடங்கியது. நெற்றியில் விபூதிக் கீற்று, தட்டில் மாங்காய்க் கீற்று, கூரையில் தென்னங்கீற்று. முடைந்த தென்னங்கீற்றை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள்: சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும் குறுக்குக் கீற்றேதான். 'கீற்றை எதிர்ப்பக்கம் சாய்' என்றால் விளக்கமே வேண்டாம். முழுவண்ணமாக நிரப்பும் சாலிடுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே கோடே இல்லை, 'நிரப்பு' என்று சொல்லிவிடலாம்.

அடுத்து 'எல்லையை மீட்டெடுத்தல்'. எல்லை என்றால் எனக்கு சர்வேக் கல்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே கீற்றைச் சுற்றி ஓடும் கோட்டைச் சொல்கிறோம், ஆகவே சுற்றுக்கோடு. மீட்டெடுத்தல் இன்னும் மோசம், அது செயலையே தப்பாகக் காட்டுகிறது. அனுபவத்தில் வருவது இப்படி: யாரோ சுவர்க்கோட்டை அழித்திருப்பார்கள், கீற்று மட்டும் மிதந்துகொண்டிருக்கும். வரப்பு கரைந்த வயலில் உழவுசால் எங்கே முடிகிறது என்று பார்த்து வரப்பைக் கண்டுபிடிப்பது போல, மென்பொருள் கீற்றின் ஓரத்தைப் பிடித்துப் புதிதாக ஒரு கோடு வரைகிறது. கீற்றுக்குள் ஓட்டை இருந்தால் அதற்கும் தனியாக ஒன்று. முன்பு அங்கே நான்கு தனிக்கோடுகள் இருந்திருக்கலாம், இப்போது வருவது ஒரே பாலிலைன், அதாவது பல துண்டுகள் சேர்ந்த ஒரே தொடர்கோடு. கோடு இருந்த பழைய லேயரும் (வரைபட அடுக்கு) திரும்பி வராது. அழிந்தது அழிந்ததுதான். 'மீட்டெடுத்தல்' என்று படித்த மாணவர், பழைய கோடே வந்துவிட்டது என்று நம்பி வேலையைத் தொடர்வார். பழுதான கோப்பைச் சீராக்க ரெக்கவர் என்று தனிக் கட்டளையே இருக்கிறது. மீட்டெடுத்தல் அதற்குப் பொருந்தும். இது 'சுற்றுக்கோடு மீள்வரைதல்'.

பாலிலைனையும் லேயரையும் ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்பார்கள். அவை பட்டறையில் எல்லார் வாயிலும் புழங்குகின்றன, யாரையும் குழப்பவில்லை. மொழிபெயர்ப்பவர்கள் ஒரு சொல்லைத் தொடுமுன் அந்தக் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கீற்றைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கி, சுற்றுக்கோடு வருவதைக் கண்ணால் பார்க்க அரை நிமிடம் ஆகாது.