செவ்ரான் போய்விட்டது, விசா வந்துவிடுமா?

அமெரிக்காவில் குடிவரவு வழக்குகள் பார்க்கும் என்னிடம் நம்மவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இது: "செவ்ரானைத்தான் தூக்கிட்டாங்களே, எச்-1பி மறுத்தா இனி கோர்ட்டில் ஜெயிச்சிடலாம்தானே?" சிலர் அதை நம்பி யாருக்கோ முன்பணமும் கட்டிவிட்டு வருகிறார்கள்.

1984-இல் செவ்ரான் எண்ணெய் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி வகுத்தது. சட்ட வாசகம் தெளிவாக இல்லையென்றால், அரசுத் துறை தரும் விளக்கம் நியாயமாக இருக்கும்வரை நீதிபதிகள் அதை ஏற்க வேண்டும். ஹெர்ரிங் மீன் பிடிப்பவர்கள் தொடுத்த லோப்பர் பிரைட் வழக்கில், 2024 ஜூன் 28 அன்று இது கைவிடப்பட்டது.

கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பிலிப் ஹாம்பர்கருக்கு இது நெடுநாள் கோரிக்கை. அரசே வழக்கில் ஒரு தரப்பாக இருக்கும்போது அதன் விளக்கத்துக்கே நீதிபதி தலையாட்டுவது என்ன நீதி என்பது அவர் கேள்வி. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஏட்ரியன் வெர்ம்யூலோ பெரிதாக எதுவும் மாறவில்லை என்கிறார். காரணம், முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சட்டமே துறைக்குக் கொடுத்திருக்கலாம், அப்போது நீதிமன்றம் அதை மதிக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. குடிவரவுச் சட்டத்தில் இப்படிப்பட்ட வாசகங்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் நான் வெர்ம்யூல் பக்கம்தான் சாய்வேன்.

சரி, உங்கள் மறுப்புக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். 'ஆதாரம் போதவில்லை' என்று இருந்தால் அது சட்டத்துக்குப் பொருள் சொல்லும் சண்டையே இல்லை. லோப்பர் பிரைட் அங்கே அநேகமாக உதவாது. சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா மறுத்தால் நீதிமன்றம் பெரும்பாலும் தலையிடாது. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே எழுதியது, அதற்கும் செவ்ரானுக்கும் சம்பந்தமில்லை.

அப்புறம், இது இரு பக்கமும் வெட்டும்: நமக்குச் சாதகமான விதிகளையும் பிறர் எதிர்க்கலாம். எச்-1பி ஊழியரின் கணவன் அல்லது மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 வேலை அனுமதி 2015-இல் அரசுத் துறை போட்ட விதி. செவ்ரான் போன பிறகும் 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. ஆனால் 2024 ஜூலை 1-இல் வந்த கார்னர் போஸ்ட் தீர்ப்பின்படி, ஒரு விதியால் பாதிக்கப்பட்ட நாளிலிருந்துதான் அதை எதிர்க்கும் 6 ஆண்டுக் கெடு தொடங்குகிறது. அதாவது, பழைய விதி மீதும் புதிதாகப் பாதிக்கப்பட்ட ஒருவர் வழக்குப் போடலாம். எச்-4 சம்பளத்தையும் கணக்கில் சேர்த்து வீட்டுக்கடன் வாங்கப்போகிறவர்கள், அந்தச் சம்பளம் இல்லாமல் தவணை கட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள்.