செக்ரோலில் உள்ள எண்ணுக்குப் பொருள் யார் சொல்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தின் பழைய செக்ரோலை, அதாவது தொழிலாளர் பதிவேட்டை, தரவுத்தளமாக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆள் எண், பெயர், பிரிவு எண், வேலை என நான்கு பத்திகள். வேலைப் பத்தியில் 1 என்றால் பால்மரம் வெட்டு, 2 என்றால் மருந்தடிப்பு. அது தெரிந்தவர் தோட்டத்துக் கணக்கரான கிராணி மட்டும்தான். அவர் ஓய்வுபெற்றுப் போனால் எண் மிஞ்சும், பொருள் போய்விடும். தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு வேறொரு தரவுத்தளத்தில் இருக்கிறது. அதில் 'தகப்பனார் தொழில்' என்று ஒரு பத்தி. மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் ஆறாம் ஆண்டு வரை படித்தார்கள் என்று கேட்டால், இரண்டுமே தனித்தனியாகப் பதில் சொல்லாது.

கணினி அறிஞர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளம், அதாவது தரவை அட்டவணைகளாக வைக்கும் முறை, கணக்கு வைப்பதில் கெட்டி. ஆனால் பத்தித் தலைப்பு அதற்கு வெறும் எழுத்துத்தான். பொருளை வெளிப்படையாக எழுதி வைக்கும் இடம் ஆன்டாலஜி: பால்மரம் வெட்டுபவர் தோட்டத் தொழிலாளி, மருந்தடிப்பவரும் தோட்டத் தொழிலாளி, பிரிவு தோட்டத்தின் ஒரு பகுதி.

தரவுத்தளத்தையும் ஆன்டாலஜியையும் இணைக்கும் விதிகளை எழுத ஆர்2ஆர்எம்எல் என்ற மொழியை, வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2012இல் தரமாக்கியது. ஒவ்வோர் ஆளுக்கும் ஆள் எண்ணை வைத்து வலை முகவரி போன்ற ஓர் அடையாளம். வேலை 1 என்றால் 'பால்மரம் வெட்டுபவர்' என்ற வகை. பிரிவு எண் இன்னோர் அட்டவணையைச் சுட்டுவதால் அது 'பணிபுரிந்த பிரிவு' என்ற உறவாகிறது. இப்படி ஒவ்வொரு வரிசையும் எழுவாய், பண்பு, மதிப்பு என்ற மூன்று உறுப்பு வாக்கியங்களாகிவிடும். அதே ஆண்டு நேரடி மாற்றத்துக்கும் ஒரு தரம் வந்தது. கையால் விதி எழுத வேண்டாம். ஆனால் அதில் 1 என்பது 1 ஆகவே வந்து சேரும். நம் பதிவேடுகளுக்கு அது போதாது.

தரவை இடம் மாற்றவும் தேவையில்லை. இத்தாலியின் பொல்சானோவில் உருவான ஆன்டாப் போன்ற மென்பொருள்கள், ஆன்டாலஜியின் சொற்களில் கேட்க உதவும் ஸ்பார்க்கிள் மொழியில் வரும் கேள்வியை, தரவுத்தளத்துக்குப் புரியும் எஸ்க்யூஎல் மொழிக்கு மாற்றுகின்றன. 'தோட்டத் தொழிலாளிகள் யார்?' என்று கேட்டால், அந்தச் சொல்லே இல்லாத அட்டவணையில் 'வேலை 1 அல்லது 2' என்று தேடும்.

சரி, இனிதான் கவனம் வேண்டும். தரவுத்தளத்தில் பொதுவாக, இல்லாதது பொய். ஆன்டாலஜியில் இல்லாதது தெரியாதது. வெறுமையாக விடப்பட்ட கட்டத்துக்கு ஆர்2ஆர்எம்எல் எந்த வாக்கியத்தையும் உருவாக்காது. தகப்பனார் தொழில் எழுதப்படாத பிள்ளையை 'வேலையில்லாதவரின் பிள்ளை' என்று எண்ணினால், ஒரு குடும்பத்தின் உழைப்பையே அழித்துவிடுகிறோம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஆளை ஆளோடு பொருத்துவது. செக்ரோலில் ஒரு முனுசாமி, பள்ளிப் பதிவேட்டில் தகப்பனாராக ஒரு முனுசாமி. இருவரும் ஒருவரே என்று அறிவித்துவிட்டால் ஒருவரைப் பற்றிய எல்லாமே மற்றவருக்கும் பொருந்தும். ஒருவரின் பிள்ளைகள் இன்னொருவரின் பிள்ளைகளாகிவிடுவார்கள். ஒரே லயத்திலேயே, அதாவது ஒரே தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலேயே, ஒரே பெயரில் பலர் இருந்திருக்கலாம். அடையாள அட்டை எண் உதவும், ஆனால் மலாயாவில் அந்த அட்டை 1948இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஏடுகளில் பெயர், பிரிவு, மனைவியின் பெயர் மூன்றும் பொருந்தினாலும், 'ஒருவராக இருக்கலாம்' என்ற தனி உறவாகவே எழுதி வைத்து, அந்தத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டபிறகு உறுதி செய்வதே முறை.