விமானத்தில் செல்போன்: விதி எதற்காக, ஆபத்து எதில்?

இந்திய விமானங்களில் செல்போன் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துவது 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 29பி பிரிவு. அடிப்படையில் அது ஒரு தடை. பறக்கும் விமானத்தில் கையடக்க மின்னணுக் கருவிகளை யாரும் இயக்கக் கூடாது. விமானியோ விமான நிறுவனமோ அதற்கு இடம் கொடுக்கவும் கூடாது. இன்று நாம் விமானத்தில் படம் பார்ப்பது, பாட்டுக் கேட்பது, இறங்கியதும் வீட்டுக்குப் போன் போடுவது எல்லாம் அந்தத் தடைக்குப் பிற்பாடு ஒவ்வொன்றாகக் கிடைத்த விலக்குகள்தான்.

முக்கியமான விலக்கு 2014 ஏப்ரலில் வந்தது. அதுவரை விமானம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் எல்லாக் கருவிகளையும் முழுசாக அணைத்துவிட வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அதைத் தளர்த்தி, ஃப்ளைட் மோடில் இருக்கும் வரை பயணம் முழுக்கப் போனைப் பயன்படுத்தலாம் என்றது. விமானம் தரையிறங்கி ஓடுபாதையை விட்டு விலகிய பிறகு ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டுப் பேசவும் செய்யலாம். சக்கரம் தரையைத் தொட்ட உடனே அல்ல, ஓடுபாதையை விட்டு வெளியே வந்த பிறகு என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. பனிமூட்டம் போன்ற காரணங்களால் பார்வைத் தெளிவு மிகக் குறைந்திருக்கும்போது இறங்கினால் இந்தச் சலுகை கிடையாது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லிக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2020 மார்ச்சில் அடுத்த தளர்வு வந்தது. விமானத்தில் வைஃபை வசதி இருந்தால், போன், லேப்டாப், டேப்லெட் போன்றவற்றை ஃப்ளைட் மோடில் வைத்துக்கொண்டு இணையம் பயன்படுத்த விமானி அனுமதிக்கலாம். ‘அனுமதிக்கலாம்’ என்றுதான் விதி சொல்கிறது. இதைப் பயணியின் உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது. வைஃபை பொருத்துவதும் பொருத்தாததும் அந்தந்த நிறுவனத்தின் முடிவு. பொருத்திய விமானத்திலும் கடைசி வார்த்தை விமானியுடையது.

சரி, இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? போன் ஆனில் இருந்தால் விமானம் விழுந்துவிடுமா?

ஒரே ஒரு போனால் பெரிய பயணி விமானம் ஒன்று விழுந்ததாக எந்த விசாரணையும் உறுதி செய்ததில்லை. ஃப்ளைட் மோடில் போட மறந்து தூங்கிப்போன பயணி ஒருவராவது அநேகமாக எல்லா விமானத்திலும் இருப்பார். அந்த விமானங்கள் பத்திரமாகத்தான் இறங்குகின்றன. அதனால் பயம் வேண்டாம். ஆனால் விதி வெறும் சம்பிரதாயமும் இல்லை. அதன் பின்னால் உண்மையான பொறியியல் காரணம் இருக்கிறது, அது செல்போனைவிடப் பழையது.

1960-களில் அமெரிக்காவில் சிக்கல் கொடுத்தது கையடக்க எஃப்எம் ரேடியோ. ரேடியோ என்றால் வாங்கும் கருவிதானே, எதையும் அனுப்பாதே என்று தோன்றும். ஆனால் எஃப்எம் ரேடியோ ஒரு நிலையத்தைப் பிடிக்கும்போது, அந்த நிலையத்தின் அலைவரிசையைவிடப் பொதுவாக 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலான ஓர் அலையைத் தனக்குள்ளேயே உருவாக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் நிலையத்தைக் கேட்டால் 110.7 மெகாஹெர்ட்ஸில் கொஞ்சம் வெளியே கசியும். விமானிக்குத் திசை காட்டும் விஓஆர் நிலையங்கள் இயங்குவது 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருவர் பாட்டுக் கேட்டால், சில அடி தூரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு அந்தக் கசிவு போய்ச் சேரும். தொலைவிலிருந்து வரும் வழிகாட்டி சிக்னலோ மெலிந்து போயிருக்கும். பயணிகளின் கருவிகளுக்கான கட்டுப்பாடுகளின் தொடக்கம் இதுதான்.

செல்போன் வேண்டுமென்றே அலையை அனுப்பும் கருவி. பழைய 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸில் உச்சமாக 2 வாட் வரை அனுப்பும். டிவிக்குப் பக்கத்தில் போனை வைத்திருக்கும்போது, அழைப்பு வருவதற்குச் சற்று முன்னால் ஸ்பீக்கரில் ‘டிர்ர் டிட் டிட் டிட்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இதனால் வருவதுதான். 2ஜி போன் தொடர்ச்சியாக அனுப்பாமல் ஒரு நொடிக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும். அந்தத் துடிப்பு ஆடியோ ஒயர்களில் ஏறிக்கொள்கிறது. இதே சத்தம் விமானியின் ஹெட்செட்டிலும் கேட்கும். இறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் ஓர் எண் அந்த இரைச்சலில் மறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்த விதியை ஏற்றுக்கொள்ள இந்த ஒரு காரணம் போதும். 4ஜி போன்களின் உச்ச சக்தி சுமார் 0.2 வாட், அனுப்பும் முறையும் வேறு. அதனால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் இந்தியாவில் பட்டன் போன்களும் 2ஜியும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஏடிஏ தொகுத்த ஓர் ஆய்வில், 2003 முதல் 2009 வரை பயணிகளின் கருவிகள் காரணமாக இருக்கலாம் என்று விமானக் குழுவினர் சந்தேகித்த 75 நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. இவை சந்தேகங்கள்தான். கருவியை அணைத்ததும் கோளாறு நின்றது என்று விமானி எழுதினாலும், அதைத் தரையில் மறுபடி நிகழ்த்திக் காட்டுவது மிகக் கடினம்.

சோதனையில் நிரூபணமான ஒன்றும் உண்டு. போயிங் 737, 777 ரகங்களில் பொருத்தப்பட்ட ஹனிவெல் நிறுவனத்தின் ஒருவகைக் காட்சித் திரைகள், வைஃபை அலை பட்டபோது இருண்டுபோயின. விமானி உயரம், வேகம், திசை எல்லாவற்றையும் பார்ப்பது அந்தத் திரைகளில்தான். பறக்கும்போது அப்படி நடக்கவில்லை என்றாலும், 2014-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, அங்கே பதிவான சுமார் 1,300 விமானங்களில் அவற்றை ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்ற உத்தரவிட்டது. பயணிகளிடம் போனை அணைக்கச் சொல்வதோடு நிற்காமல், விமானத்தையே போனைத் தாங்கும்படி மாற்றியது சரியான வழி. புதிய ரக விமானங்கள் இதற்கென்றே சோதிக்கப்படுகின்றன.

நியூசிலாந்தில் 2003 ஜூனில் கிரைஸ்ட்சர்ச் அருகே ஒரு சிறு விமானம் இரவில் மோசமான வானிலையில் இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். கடைசி நிமிடங்களில் விமானியின் சொந்தச் செல்போன் அழைப்பில் இருந்தது. அது கருவிகளைத் தவறாகக் காட்டச் செய்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. அதுதான் காரணம் என்று முடிவு கட்டவில்லை. அதுவும் போன் இருந்தது பயணியின் பையில் அல்ல, விமானி அறையில், கருவிகளுக்குப் பக்கத்தில்.

தடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கும் விமானத்தின் பாதுகாப்புக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் பறக்கும்போது செல்போனில் பேசத் தடை போட்டது விமானத்துறை மட்டுமல்ல, தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியும் 1991-இல் தடை போட்டது. காரணம் கீழே இருக்கும் டவர்கள். தரையில் ஒரு போன் பக்கத்து டவர்கள் ஒன்றிரண்டோடு மட்டும் பேசும். நடுவில் கட்டடமும் மரமும் மறைக்கும். வானத்தில் மறைப்பே கிடையாது. ஒரே போன் பல டவர்களின் எல்லைக்குள் ஒரே சமயத்தில் நுழைந்து, மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே போகும். டவர்களுக்கு அது சுமை. போனும் சிக்னலைத் தேடித் தேடித் தன் உச்ச சக்தியில் கத்தும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் போனை ஆன் செய்து வைத்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்; டவர் ஆன்டெனாக்கள் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டவை. தடையை நீக்கலாமா என்று 2013-இல் எஃப்சிசி ஒரு யோசனையை முன்வைத்து, 2020-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஐரோப்பாவும் வளைகுடா நிறுவனங்களும் வேறு வழியில் போயின. விமானத்துக்குள்ளேயே ஒரு குட்டி டவரை வைத்துவிட்டால், போன் தொலைதூர டவரைத் தேடி உரக்கக் கத்த வேண்டியதில்லை, மிகக் குறைந்த சக்தியில் பேசிக்கொள்ளும். குட்டி டவர் அந்தப் பேச்சைச் செயற்கைக்கோள் வழியாகக் கீழே அனுப்பிவிடும். 2008 மார்ச்சில் எமிரேட்ஸ் இப்படித்தான் நடுவானில் பேச அனுமதித்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் 3,000 மீட்டருக்கு மேல் இதை அனுமதித்தது.

இந்தியாவில் இதற்கான சட்டம் 2018 டிசம்பரில் வந்த வான், கடல் வழித் தொடர்பு விதிகள். இங்கேயும் அளவு 3,000 மீட்டர். 2024 நவம்பரில் வந்த திருத்தம் வைஃபை பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டது: விமானம் 3,000 மீட்டர் ஏறிய பிறகுதான் இணையம் தர வேண்டும். அதாவது சென்னையில் கிளம்பிய சில நிமிடங்களில் வைஃபை வரவில்லை என்றால் பணிப்பெண்ணிடம் கோபப்படுவதில் நியாயமில்லை, விதியே அப்படித்தான். தரைக்கு அருகில் பறக்கும் நேரத்துக்கு எல்லா நாடுகளுமே கூடுதல் கவனம் கொடுக்கின்றன. கோளாறு வந்தால் சுதாரிக்க விமானிக்கு அங்கே நேரமும் உயரமும் குறைவு.

5ஜி வந்தபோது கிளம்பிய பீதி பலருக்கு ஞாபகம் இருக்கும். 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவும் அமெரிக்கா போகும் சில விமானங்களை ரத்து செய்தது. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அமெரிக்காவில் புதிய 5ஜி அலைவரிசை 3.98 வரை நெருங்கிவிட்டது. அங்கே பிரச்சினை பயணியின் போன் அல்ல, விமான நிலையத்துக்கு வெளியே நிற்கும் சக்திவாய்ந்த டவர். இந்தியாவில் 5ஜிக்குக் கொடுத்த அலைவரிசை 3.67 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் இடைவெளி அதிகம். இருந்தும் 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை டெல்லி, பெங்களூரு உள்ளிட்ட சில விமான நிலையங்களில் ஓடுபாதை முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டருக்குள் இந்த டவர்களை நிறுவ வேண்டாம் என்று நிறுவனங்களுக்குச் சொன்னது.

ஃப்ளைட் மோடில் போட மறந்துவிட்டால் தண்டனையா என்று சிலர் பயப்படுகிறார்கள். மறதிக்கு யாரும் தண்டிப்பதில்லை. பணியாளர் சொல்லியும் மறுத்து வாக்குவாதம் செய்தால்தான் விவகாரம். பாதுகாப்பு அறிவுறுத்தலை மீறுவது முறைகேடான நடத்தையாகக் கருதப்படும். பேச்சளவில் தகராறு என்றால் மூன்று மாதம் வரை, கைகலப்பு என்றால் ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் பறக்கத் தடை விதிக்க 2017-இல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிமுறை வழி செய்தது. பயணிக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு விசாரித்து 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; முடிவு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, போனால் ஆபத்தே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபத்து இருக்கிறது, அலையில் அல்ல, பேட்டரியில். விமானப் பயணிகள் உண்மையில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான், ஆனால் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ உள்ளே கோளாறானாலோ தானே சூடேறித் தீப்பிடிக்கும். 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், மேலே பை வைக்கும் பெட்டியிலிருந்து புகை வந்தது. பழைய சாம்சங் நோட் 2 போன் ஒன்று. பணியாளர்கள் தீயணைப்பானை அடித்து, போனை எடுத்துக் கழிவறையில் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் போட்டார்கள். யாருக்கும் காயமில்லை. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் புசானில் ஏர் புசான் விமானம் ஒன்று தரையில் நிற்கும்போதே எரிந்தது, 176 பேரும் சறுக்குப் பாதையில் இறங்கித் தப்பினார்கள். மேல் பெட்டியில் இருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்றனர் விசாரணை அதிகாரிகள்.

அதனால்தான் பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் கையால் எட்ட முடியாது. கேபினில் பிடித்தால் பணியாளர் பார்த்து அணைக்கலாம். பேட்டரி தேக்கிவைக்கும் ஆற்றலை வாட்-மணியில் அளக்கிறார்கள். 100 வாட்-மணி வரை தடையில்லை, 100-க்கும் 160-க்கும் இடையில் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கொண்டுபோகவே முடியாது. பவர் பேங்கின் மேல் எம்ஏஹெச் அளவு மட்டும் போட்டிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட்-மணி வந்துவிடும்: 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 74 வாட்-மணி, பிரச்சினையில்லை, 30,000 என்றால் 111, முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள். அளவே அச்சிடாத மலிவான பவர் பேங்க் சோதனையில் பறிபோகலாம். பறக்கும்போது பவர் பேங்கை மேல் பெட்டிக்குள் திணிக்காமல் கண்ணில் படும்படி வைத்திருங்கள். 2025 அக்டோபர் முதல் எமிரேட்ஸ் தன் விமானங்களில் பவர் பேங்கில் சார்ஜ் போடுவதையே தடை செய்திருப்பதால், அந்த நிறுவனத்தின் விமானத்தில் துபாய் போகிறவர்கள் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

போன் கையிலிருந்து நழுவி இருக்கையின் இடுக்கில் விழுந்துவிட்டால், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி எடுக்கப் பார்க்காதீர்கள். சீட்டின் உலோகச் சட்டத்தில் சிக்கிப் போன் நசுங்கினால் பேட்டரி எரியும். மேலே இருக்கும் அழைப்பு பட்டனை அழுத்துங்கள், பணியாளர் வந்து எடுத்துத் தருவார்.