‘எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு’: ஊரடங்கில் ஃபோனுக்கு மாறிய துணை

டாக்டர், மாத்திரை, கவுன்சலிங் எல்லாம் இருக்கும்போது, மனநோயைத் தாண்டி வந்த இன்னொருவரின் துணை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. புதிதாக மாத்திரை போட ஆரம்பித்தவர், "அண்ணே, கை நடுங்குதே, உங்களுக்கும் வந்துச்சா?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். "வந்துச்சு தம்பி. நானா நிறுத்தித் தொலைச்சேன், மறுபடியும் முடியாமப் போச்சு. நீங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவை மாத்துவாரு." இந்தப் பதிலைப் பட்டவரால்தான் சொல்ல முடியும். நமக்கும் சரியாகும் என்பதற்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளே அத்தாட்சி. சொல்கிறவருக்கும் இதில் லாபம் உண்டு. உதவி செய்வதே உதவுபவரைத் தேற்றுகிறது என்று ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக அறிஞர் 1965-லேயே எழுதிவிட்டார்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது இந்த எதிரில் உட்காருவதுதான் முதலில் போனது. அந்த வருஷம் மதுரையில் அழகரே ஆற்றில் இறங்கவில்லை, அப்புறம் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டத்தை யார் நடத்துவது? கொஞ்சம் தளர்ந்தது என்று பார்த்தால் ஜூன் 24-லிருந்து ஜூலை நடுப்பகுதி வரை ஊருக்கு மறுபடி முழு ஊரடங்கு. எல்லாம் ஃபோனுக்கு வந்தது.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடி அளவுதான், உலகின் பல மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வீடியோ காலில் சிக்னல் தாமதம் அதோடு சேர்ந்தால், எதிராளி தயங்குகிறார், நம்மேல் அக்கறை இல்லை என்று மூளை தப்பாகக் கணக்குப் போடும். அழுகையை அடக்கிக்கொண்டு ஒருவர் சும்மா இருப்பதற்கும் லைன் கட்டானதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் "ம்", "கேக்குறேன், சொல்லுங்க" என்று அடிக்கடி குரல் கொடுக்க வேண்டியதாயிற்று. நேரில் இதைத் தலையாட்டலே செய்துவிடும். என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு வீடியோவைவிட வெறும் குரலே மேல். தன் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டு யாரும் மனசு விட்டுப் பேச முடியாது, டேட்டாவும் மிச்சம்.

சரி, எங்கே நின்று பேசுவது? இரண்டு அறை வீடு, வேலைக்குப் போகாமல் எல்லோரும் உள்ளே, வீட்டுக்கே ஒரு ஃபோன். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது "தூக்கம் வருதா, சாகணும்போல இருக்கா" என்ற கேள்விக்கு ஒரு பெண் என்ன பதில் சொல்வாள்? ஆமாம், இல்லை என்று முடிகிற மாதிரிதான் கேட்க வேண்டும். யாராவது வந்துவிட்டால் "ரேஷன் கடை திறந்துருச்சா அக்கா" என்று பேச்சை மாற்றிக்கொள்ளலாம் என முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மொட்டை மாடி இருந்தால் பாக்கியம்.

ஆதரவு கொடுப்பவர் நிலையும் மாறியது, இதைப் பலர் கவனிப்பதில்லை. வழக்கமாக அவர் கரையேறியவர். கொரோனாவில் இரண்டு பேரும் ஒரே வெள்ளத்தில். கூட்டம் என்றால் முடிகிற நேரம் உண்டு, ஃபோன் ராத்திரி பதினோரு மணிக்கும் அடிக்கும். தூக்கம் கெட்டால் பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய் உள்ளவருக்கு, அது திரும்பவே வழி. ஆகவே பேசும் நேரத்தை வரையறுப்பது, ஆபத்தான அழைப்பை டாக்டரிடம் கைமாற்றுவது, ஆதரவாளர்களும் தங்களுக்குள் கூடிப் பேசுவது எல்லாம் வேலையின் பகுதியே. 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பதால், ராத்திரி அழைப்புக்கு இப்போது கைகாட்ட ஓர் இடம் உண்டு.

இனி எது நல்லது, ஃபோனா நேரா? உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவருக்கு ஃபோன். வீட்டில் வாயைத் திறக்க முடியாதவருக்கு நேர்.